வருத்தத்தை நாவலாக எழுத உட்காருபவர்களுக்கு

வாழ்க்கையில் தவறவிட்டதைப் பற்றி நாவல் எழுத வேண்டுமா? முதலில் ஒரு தேதியையும் ஒரு இடத்தையும் பிடியுங்கள். ‘எல்லாம் வீணாகப் போச்சு’ என்பதை வைத்துக்கொண்டு ஒரு பக்கம்கூட நகராது.

என்னுடையது 1994 ஜூன், காட்பாடி ஜங்ஷன். பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது. அப்பாதான் டிக்கெட் எடுத்தார், பெட்டியையும் தூக்கி வந்தார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் புளிசாதம் இருந்த எவர்சில்வர் தூக்கை நீட்டினார். மூடி கடகடவென்று ஆடியது. அவர் கை நடுங்கி அன்றுதான் பார்த்தேன். நான் ஏறவில்லை. இரண்டு பேரும் பேசாமல் பஸ் பிடித்து வேலூருக்குத் திரும்பி, அந்தப் புளிசாதத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

முதல் பிரதியில் அப்பாவை வில்லனாக்கியிருந்தேன். பழி போட ஆள் கிடைத்துவிட்டால் கதை அங்கேயே படுத்துவிடும். ஏறாமல் நின்றது என் கதாநாயகிதான் என்று எழுதிய பிறகுதான் எனக்கே வலித்தது.

அப்புறம், போகாத பாதையையும் எழுதிப் பாருங்கள். ஹாஸ்டல் வாடகை, சம்பள நாள், சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு வரும் பஸ், அப்பா படுத்துவிட்டார் என்று போன் வந்தபோது யார் எடுத்தார்கள் என்பது வரை. அந்த வாழ்க்கையிலும் தலையணை நனைந்த ராத்திரிகள் இருந்தன. நாவலில் சேர்க்காவிட்டாலும் பரவாயில்லை, எழுதாமல் விடாதீர்கள்.

நம்பிக்கைதான் கஷ்டம். கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவரைக் கூட்டிவந்து அறிவுரை சொல்ல வைக்காதீர்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி அந்தச் சின்னப் பெண்ணிடம் வந்தார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, டாக்டரான அப்பா வருவார் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அமெரிக்காவிலேயே வாழ நினைத்திருந்தவர், அங்கே மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் வேலூருக்கு வந்து, ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. செத்தவர்கள் செத்தவர்கள்தான், அவர்களை அந்தக் கட்டில் மீட்கவில்லை. ஆனால் அடுத்து வந்தவளுக்குப் படுக்க இடம் இருந்தது. உங்கள் ஆளுக்கும் அப்படிக் கையால் செய்ய ஒரு வேலை கொடுங்கள்.

2021 நவம்பரில் பாலாற்றில் கரை தொட்டு வெள்ளம் போனது. அதை முடிவாக வைக்க ஆசைப்பட்டு எழுதியும் விட்டேன். பிறகு அடித்துவிட்டேன். ஆறு தானாக வந்தது, என் கதாநாயகி ஒன்றும் செய்யவில்லையே.

இப்போது அவள் மகளை வழியனுப்ப அதே ஜங்ஷனுக்கு வருகிறாள். வண்டி நிற்கிறது. தூக்கை இரண்டு கையாலும் பிடித்து, மூடி ஆடாமல் கொடுக்கிறாள்.