ஐ.க்யூ. மதிப்பெண்ணை வைத்து நாம் செய்யும் தவறுகள்

அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-இல் கலிஃபோர்னியாவில் புத்திக்கூர்மை மிகுந்த பிள்ளைகளைத் தேடத் தொடங்கினார். சுமார் 1,500 பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். அதற்கு அவர் வைத்த ஐ.க்யூ. (அறிவுத்திறனை எண்ணால் அளக்கும்) சோதனையில் மதிப்பெண் போதாமல் விடுபட்ட சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் அல்வாரெஸும். 1956-இல் ஷாக்லிக்கும் 1968-இல் அல்வாரெஸுக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. தேர்வான பிள்ளைகளில் ஒருவருக்கும் நோபல் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டதும் ‘ஐ.க்யூ. வெறும் பம்மாத்து’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். முதல் தவறு அதுதான். இரண்டு பேரை வைத்து ஒரு கருவியை எடைபோட முடியாது. இங்கிலாந்தில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் 11 வயது அறிவுத்திறன் சோதனை மதிப்பெண்களை, அவர்களே 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வு முடிவுகளோடு ஒப்பிட்டார்கள். தொடர்பு மிக வலுவாக இருந்தது. படிப்பைப் பொறுத்தவரை இந்த எண் ஓரளவு நம்பத்தக்க முன்னறிவிப்புதான்.

சரி, அப்படியானால் வாழ்க்கைக்கும் பொருந்துமா? அங்கேதான் அடுத்த தவறு. வருமானத்தோடு இந்த மதிப்பெண்ணுக்கு உள்ள தொடர்பு, படிப்போடு உள்ளதில் பாதிகூட இல்லை. ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரின் சம்பளம் மலைக்கும் மடுவுக்குமாக இருக்கலாம். குடும்ப வசதி, உடல்நலம், விடாமுயற்சி, கிடைத்த வாய்ப்பு எல்லாம் இடையில் புகுந்துவிடுகின்றன.

98 வாங்கிய பிள்ளையைவிட 102 வாங்கிய பிள்ளை கெட்டிக்காரி என்று சொல்வதும் பிழை. அதே பிள்ளை வேறொரு நாளில் எழுதினாலே நாலைந்து புள்ளி ஏறும், இறங்கும்.

என்னைப் பொறுத்தவரை இவை எல்லாவற்றையும்விட மோசமானது, அந்த எண்ணைப் பிள்ளையின் தலையெழுத்தாக்குவது. 1905-இல் பாரிஸில் ஆல்ஃபிரட் பினே இத்தகைய சோதனையை உருவாக்கியதே, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுக்குத் தனிக் கவனம் கொடுக்கத்தான். அறிவு மாறவே மாறாது என்ற எண்ணத்தை அவரே கடுமையாக எதிர்த்தார். கூடுதலாகப் படிக்கும் ஒவ்வோர் ஆண்டும் மதிப்பெண்ணை 1 முதல் 5 புள்ளி வரை உயர்த்துகிறது என்று 2018-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வும் காட்டியது.

அதனால் மதிப்பெண் குறைந்தால் பிள்ளையிடம் அதைச் சொல்லிக்காட்டாதீர்கள். கண்பார்வை, காது கேட்கும் திறன், முந்தைய இரவின் தூக்கம், சோதனை நடந்த மொழி பிள்ளைக்குப் பழக்கமானதா என்பதையெல்லாம் முதலில் பாருங்கள். அப்புறம் உளவியலாளரிடம் மொத்த எண்ணை விட்டுவிட்டு, எந்தப் பகுதியில் பிள்ளை தடுமாறியது என்று கேளுங்கள்.