போரா போரா போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

போரா போரா, பசிபிக் கடலில் பிரெஞ்சு பாலினீசியா என்ற தீவுக்கூட்டத்தில் உள்ள ஒரு தீவு; அங்கே போக முதலில் தாஹிதி தீவில் இறங்க வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்து வழியாகத் தாஹிதி போகிறவர்கள், ஹோட்டல் பதிவு செய்வதற்கு முன் காலண்டரைக் கையில் எடுங்கள். நடுவே, கடந்தால் தேதி மாறிவிடும் சர்வதேசத் தேதிக் கோடு வருகிறது. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு ஆக்லாந்தில் ஏறினால், சுமார் 5 மணி நேரப் பயணத்துக்குப் பின் தாஹிதியின் தலைநகர் பப்பீத்தேயில் இறங்கும்போது அங்கே வெள்ளிக்கிழமை இரவு! அறையைச் சனிக்கிழமையிலிருந்து போட்டிருந்தால் அன்றிரவு தங்க இடமிருக்காது. திரும்பும்போது ஒரு நாள் காணாமல் போகும். அதையும் விடுப்பில் சேர்த்துக் கேளுங்கள்.

போரா போராவுக்குப் போகும் சின்ன விமானங்கள் பெரும்பாலும் பகலில்தான். இரவில் இறங்கினால் பப்பீத்தேயிலேயே தங்கிவிட்டுக் காலையில் கிளம்புவதுதான் நிம்மதி. இடது பக்க ஜன்னல் சீட் கிடைத்தால் விடாதீர்கள், நீலக் கடற்காயல் முழுசாகத் தெரியும். போரா போராவின் விமான நிலையமே தனித் தீவில் இருப்பதால் அங்கிருந்து படகுதான்.

அப்புறம் விசா. ஐரோப்பாவுக்கு எடுக்கும் சாதாரண ஷெங்கன் விசா பிரெஞ்சு பாலினீசியாவுக்குச் செல்லாது. லாஸ் ஏஞ்சலஸ் வழியென்றால், விமானம் மாற மட்டுமே இறங்கினாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வேண்டும். இதை முடிவு செய்த பிறகே டிக்கெட் எடுங்கள்.