கிராஃபைட் மிதக்கவில்லையா? காந்தத்தின் மேல் பழி போடும் முன்

அக்கா மகன் அறிவியல் கண்காட்சிக்கென்று ஒரு காந்தம் வாங்கி வந்தான். 40 மி.மீ. விட்டத்தில் வட்டமான நியோடிமியம் காந்தம், கையில் எடுத்தாலே கனம் தெரியும். கூடவே நகத்தளவு கருப்புத் தகடு ஒன்று, பைரோலிடிக் கிராஃபைட், அதாவது காந்தத்தின் மேல் தொடாமல் மிதக்கக்கூடிய ஒரு வகைக் கார்பன். தகட்டைக் காந்தத்தின் நடுவில் வைத்தான், சும்மா கிடந்தது. விளிம்பில் வைத்தான், வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. "மாமா, ஏமாத்திட்டாங்க. இது வெறும் கரித்துண்டு" என்றான். கரித்துண்டு இல்லை, சரியான பொருள்தான். தப்பு காந்தத்தில் இருந்தது, அதுவும் அது பலம் குறைந்ததால் அல்ல.

இந்தச் சோதனையில் இறங்குகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் சறுக்குவது இங்கேதான் (கணக்கெடுத்துச் சொல்லவில்லை, பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்). மிதக்கவில்லையா, இன்னும் பெரிய காந்தம் வாங்கு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். கிராஃபைட் ஒரு டயா காந்தப் பொருள், அதாவது காந்தத்தின் எந்தத் துருவத்தைக் கொண்டுபோனாலும் லேசாக விலகுவது. அது காந்தப்புலம் வலுவான இடத்திலிருந்து வலுக்குறைந்த இடத்துக்கு நகரப் பார்க்கும். அதனால் அதைத் தள்ளுவது புலத்தின் வலிமை மட்டும் இல்லை, அந்தப் புலம் எவ்வளவு செங்குத்தாகச் சரிகிறது என்பதும் சேர்ந்துதான். பெரிய வட்டக் காந்தத்தின் நடுவில் புலம் ஏறக்குறைய சமதளம், சரிவே இல்லை, தகடு ஏன் எழும்பப் போகிறது? விளிம்பில் சரிவு உண்டு, ஆனால் அது மேலே தூக்குவதோடு வெளியேயும் தள்ளிவிடும்.

அதற்குப் பதில் 12 மி.மீ. கனசதுரக் காந்தங்கள் நான்கு வாங்குங்கள். சதுரங்கப் பலகையில் கருப்பும் வெள்ளையும் போல, ஒன்றில் வடதுருவம் மேலே, பக்கத்தில் இருப்பதில் தென்துருவம் மேலே என்று மாற்றி மாற்றி ஒட்டவையுங்கள். நான்கிலும் ஒரே துருவத்தை மேலே வைக்கப் பார்த்தால் ஒன்றையொன்று உதைக்கும். அப்படி உதைத்தால் அடுக்கியது தப்பு என்று அர்த்தம். மாற்றி அடுக்கினால் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும், பசைகூட வேண்டாம். எது வடக்கு என்று மண்டையை உடைக்கவும் வேண்டியதில்லை. நான்கையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கோபுரம் போல் ஒட்டி, ஒவ்வொன்றின் மேல்முகத்திலும் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் போதும், புள்ளி வைத்ததெல்லாம் ஒரே துருவம். அடியில் ஒரு இரும்புத் தகடு கொடுத்தால் மேலே புலம் இன்னும் கொஞ்சம் கூடும்.

அப்புறம் தகட்டின் தடிமன். தடியான துண்டுதான் நன்றாக மிதக்கும் என்று எனக்கும் ஒரு காலத்தில் நினைப்பு இருந்தது. காந்தத்தை விட்டு மேலே போகப் போகப் புலம் வேகமாகக் குறைவதால் தகட்டின் அடிப்பகுதிதான் தூக்குகிற வேலையைச் செய்கிறது, மேல்பகுதி பெரும்பாலும் சுமை. பைரோலிடிக் கிராஃபைட் அடுக்கடுக்காக இருப்பதால் புது பிளேடை ஓரத்தில் வைத்து மெதுவாக அழுத்தினால் வெங்காயச் சருகு போல உரிந்து வரும். மெல்லிய துண்டு இன்னும் உயரத்தில் நிற்கும். உயரம் என்றால் ஏதோ அரை அடி என்று நினைக்காதீர்கள். ஒரு மில்லிமீட்டர் வந்தாலே கொண்டாடலாம். மிதக்கிறதா, தொட்டுக்கொண்டு கிடக்கிறதா என்று சந்தேகம் வந்தால் மெல்லிய தாள் கீற்றை அடியில் நுழைத்துப் பாருங்கள், இல்லையென்றால் அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், அடியில் வெளிச்சக்கோடு தெரியும். அதற்கு முன் மின்விசிறியை நிறுத்துங்கள்!

கிராஃபைட் கிடைக்கவில்லை என்று எதையாவது வைத்து ஒப்பேற்றுவது அடுத்த தவறு. பழைய பேட்டரியை உடைத்து எடுத்த கார்பன் கம்பி மிதக்காது. மரப் பென்சிலின் கருவும் ஆகாது, அதில் களிமண் கலந்திருக்கும். மைக்ரோடிப் பென்சிலில் போடுகிற 0.5 மி.மீ. லெட் பரவாயில்லை, நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காந்தத்தைக் கொண்டுபோனால் விலகி ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அதையே மிதக்க வைக்க வேண்டுமென்றால் உருளைக் காந்தங்கள் இரண்டைப் பக்கம் பக்கமாக வைக்க வேண்டும், ஆனால் அவை விட்டத்தின் குறுக்கே காந்தமேற்றப்பட்டவையாக இருக்க வேண்டும். கடையில் உருளை என்று கேட்டால் நீளவாக்கில் காந்தமேற்றியதைத்தான் கொடுப்பார்கள். அதில் எவ்வளவு முயன்றாலும் நடக்காது.

பிஸ்மத் என்கிற உலோகமும் வலுவான டயா காந்தம். அதற்குப் பதில் ஈயத்தை உருக்கி ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டார். வேண்டாம். ஈயமும் டயா காந்தம்தான், ஆனால் பிஸ்மத்தில் பத்தில் ஒரு பங்குதான் தேறும், அந்தப் புகை உடம்புக்கு விஷம் வேறு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு இருக்கிறதே என்று அதில் கை வைத்துவிடாதீர்கள், அது வெள்ளீயம், பாரா காந்தம், லேசாகக் காந்தத்தின் பக்கம்தான் சாயும். அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வதுதான் மிச்சம். உண்மையில் பிஸ்மத்தே கனமான உலோகம் என்பதால், அதைக் காந்தத்தின் மேல் மிதக்கவைக்க புலத்தையும் அதன் சரிவையும் பெருக்கி வருவது பைரோலிடிக் கிராஃபைட்டுக்குத் தேவைப்படுவதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். தண்ணீருக்கு இருபது மடங்கைத் தாண்டும். 1997-இல் நெதர்லாந்தின் நைமேகனில் இயற்பியலாளர் ஆந்திரே கைமும் கூட்டாளிகளும் உயிருள்ள தவளையை மிதக்கவைத்தார்களே, அதற்கு 16 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) மின்காந்தம் தேவைப்பட்டது. நம் கையில் இருக்கிற நியோடிமியத்தின் முகத்தில் அரை டெஸ்லா சுற்றித்தான் இருக்கும். தவளையை விட்டுவிடுங்கள்.

காசே செலவில்லாமல் தொடங்க நினைத்தால் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சை மதுரையில் எந்தத் தள்ளுவண்டியிலும் கிடைக்கும். நீளமான ஈர்க்குச்சியின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று செருகி, நடுவில் நூல் கட்டி, தராசு போலத் தொங்கவிடுங்கள். பழத்தில் இருக்கிற தண்ணீர்தான் டயா காந்தம். காந்தத்தைப் பழத்துக்கு மிக அருகே கொண்டுபோனால் குச்சி மெதுவாக, பொறுமையைச் சோதிக்கிற வேகத்தில், விலகித் திரும்பும். இங்கே செய்கிற தவறுகள் மூன்று நான்கு உண்டு. குச்சியை ஊசிமுனையில் நிறுத்துவார்கள், ஊசி இரும்பு, காந்தம் அதைத்தான் இழுக்கும். ஈர்க்குச்சிக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா போடுவார்கள், அதைத் தலைமுடியிலோ சட்டையிலோ உரசியிருந்தால் நிலைமின்னூட்டம் ஏறி, காந்தமே இல்லாமல் ஆடும். கையின் காற்றுக்கே திரும்புவதைக் காந்தத்தின் வேலை என்று எழுதிக்கொள்வார்கள். அதனால் முதலில் அதே அளவு கூழாங்கல் ஒன்றை அதே வேகத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், அசையக் கூடாது. பிறகு காந்தத்தின் ஒரு முகம், அப்புறம் திருப்பி மறுமுகம். இரண்டுக்கும் விலகினால்தான் அது டயா காந்தம். ஒன்றுக்கு விலகி மற்றொன்றுக்கு ஒட்டினால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது.

தாமிரக் குழாய்க்குள் காந்தத்தைப் போட்டால் மெதுவாக இறங்குமே, அதையும் டயா காந்தம் என்று அட்டையில் எழுதி மாட்டியிருப்பதைக் கண்காட்சிகளில் பார்த்திருக்கிறேன். தவறு. அது நகரும் காந்தத்தால் குழாயில் எழுகிற சுழல் மின்னோட்டம், அது தன்னை எழுப்பிய நகர்வையே எதிர்க்கும் என்பதுதான் லென்ஸ் விதி. அலுமினியக் குழாயிலும் அதேபோலத்தான் மெதுவாக இறங்கும், அலுமினியமோ பாரா காந்தம். காந்தம் நகர்ந்தால்தான் அங்கே தடை. நம் கிராஃபைட் அசையாமல் நின்றபடியே மிதக்கிறது. அந்தரத்தில் நிற்கிற உலக உருண்டைப் பொம்மையும் இந்தக் கணக்கில் வராது, அதற்குள் மின்காந்தமும் உணரியும் இருக்கின்றன.

இதை முடித்தவர்கள் அடுத்து ஆசைப்படுவது, மேலே ஒரு பெரிய காந்தம், கீழே இரண்டு பிஸ்மத் அல்லது கிராஃபைட் தகடுகள், நடுவில் ஒரு சின்னக் காந்தம் தொடாமல் நிற்பது. நிலையான காந்தங்களை மட்டும் வைத்து எதையும் நிலையாக மிதக்கவிட முடியாது என்று எர்ன்ஷா 1842-இல் நிறுவிய தேற்றத்திலிருந்து தப்புவதற்குத்தான் அந்தத் தகடுகள். எடையைச் சுமப்பது மேல்காந்தம், தகடுகள் மேலும் கீழும் ஓடாமல் பிடிக்கின்றன, அவ்வளவே. மேல்காந்தத்தின் உயரத்தைக் கையால் சரிசெய்து யாரும் ஜெயித்ததில்லை. மறையுள்ள கம்பியில் மாட்டிச் சுற்றிச் சுற்றித்தான் இறக்க வேண்டும். நான் பக்கத்து லேத்துப் பட்டறையில் 6 மி.மீ. போல்ட் ஒன்று கடைந்து வாங்கி, மரச்சட்டம் அடித்து, இரண்டு நாள் மல்லுக்கட்டினேன். சின்னக் காந்தம் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாகப் போய் ஒட்டியது. மூன்றாம் நாள் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, போல்ட்டு இரும்பு, சட்டத்துல அடிச்ச ஆணி இரும்பு, வச்சிருக்கிற மேசையும் இரும்பு. காந்தம் எங்கதான் போகும்?" என்றார். பித்தளை போல்ட், மரப்பசை, மர ஸ்டூல் என்று மாற்றிய அன்று மாலையே நின்றது.

ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அந்த 40 மி.மீ. காந்தத்தை அக்கா மகன் அடுப்படித் திண்ணையில் வைத்துத் திரும்பினான், அரிவாள்மனை பக்கத்தில் இருந்தது. அரிவாள்மனை கனமானது, அது நகரவில்லை. காந்தம்தான் பாய்ந்தது, எடுக்கப்போன விரலின் தோலைக் கவ்விக்கொண்டு. அன்று தோலோடு போயிற்று. பெரிய காந்தங்கள் இரண்டுக்கு நடுவே விரல் சிக்கினால் எலும்பே நொறுங்கலாம், மோதுகிற காந்தமும் பீங்கான் போல உடைந்து சில்லு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் காந்தங்களைக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் சிதற விடாதீர்கள், இரண்டை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகள் நடுவே சிக்கி ஓட்டை விழும், உடனே மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர் இருந்தால் இந்தச் சோதனையே அவர் பக்கம் வேண்டாம். காந்தத்தை அறுப்பது, துளையிடுவது கூடவே கூடாது, அந்தத் தூள் தீப்பிடிக்கும்.

சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பலத்தை இழக்கத் தொடங்கும், ஆகவே சாலிடரிங் அயனை அதன்மேல் வைக்காதீர்கள். பட்டறைப் பக்கமும் ஆற்றுமணல் பக்கமும் கொண்டுபோகாதீர்கள், இரும்புத்தூளும் கருமணலும் முள்முள்ளாக ஏறிக்கொள்ளும், கிராஃபைட் அந்த முள்மேல் உட்கார்ந்திருப்பதை மிதக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள். ஏறிவிட்டால் துணியால் துடைத்துப் பயனில்லை. செலோ டேப்பை அழுத்தி ஒட்டி, பிய்த்து, மறுபடி ஒட்டி, நாலைந்து தடவை.