படுத்ததும் தூக்கம் வர: சாயங்கால வெளிச்சத்தைச் சரிசெய்யும் செய்முறை

கடன், பரீட்சை, வீட்டுச் சண்டை, மேலதிகாரி என்று ஏதோ ஒன்று மனசில் ஓட, பதினொன்றுக்குப் படுத்து ஒன்றரை வரை புரண்டுகொண்டிருப்பவர்களுக்கான செய்முறை இது. ‘ஒளி சிகிச்சை’ என்று கேள்விப்பட்டதும் பலர் ஆன்லைனில் பளீரென்று எரியும் விளக்குப் பெட்டி ஒன்றை வாங்கி, ராத்திரி எட்டு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். தூக்கம் இன்னும் தள்ளித்தான் போகும். படுத்ததும் தூக்கம் வராதவர்களுக்குச் சாயங்காலத்தில் செய்யவேண்டியது வெளிச்சத்தைக் கழிப்பது. கூட்டுவதெல்லாம் காலையில்.

காரணம் சுருக்கமாக. பார்ப்பதற்கென்று உள்ள செல்கள் போக, ‘இப்போது பகலா, இரவா’ என்று மூளைக்குச் சேதி சொல்லும் தனிச் செல்களும் நம் விழித்திரையில் உண்டு. 2002-இல்தான் இவற்றின் வேலை தெளிவாகத் தெரியவந்தது. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கு இவை அதிகம் அசையும். முன்னிரவில் வெள்ளை வெளிச்சம் பட்டால், ‘இரவாகிவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்லும் ஹார்மோனான மெலடோனின் சுரப்பு குறைந்து, உடம்புக் கடிகாரம் பின்னால் தள்ளிப்போகும்; அதாவது தூக்கம் வரும் நேரம் தாமதமாகும். காலையில் பட்டால் முன்னால் வரும். கவலையால் ஏற்கெனவே விழித்துக்கிடக்கிற மூளைக்கு, கூரையில் எரியும் டியூப் லைட் ‘இன்னும் பொழுது சாயவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. வெளிச்சத்தைச் சரிசெய்தால் இந்த இரண்டாவது தொல்லை போகும். கவலை போகாது, அதற்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில்: நீங்கள் எந்த வகை?

ஏழு நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், ஏறக்குறைய எப்போது தூங்கினீர்கள், எழுந்த நேரம். ராத்திரி மணி பார்க்க வேண்டாம். காலையில் உத்தேசமாக எழுதினால் போதும்.

படுத்து அரை மணிக்கு மேல் தூக்கம் வராமல், காலையில் எழ முடியாமல் கிடந்தால் கீழே உள்ளது உங்களுக்கானது. ராத்திரி எட்டுக்கே கண் சொக்கி, மூன்று மணிக்கு விழித்து, பிறகு தூக்கமே வராமல் உட்கார்ந்திருப்பவர் என்றால் (வயதானவர்களிடம் இது அதிகம்) உங்கள் வழி நேர் எதிர். அதைக் கடைசியில் பாருங்கள். இரண்டையும் குழப்பினால் இருக்கிற தூக்கமும் கெடும்.

வாங்க வேண்டியவை

மொத்தமும் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கும். நெல்லையில் டவுன் ரத வீதி, ஜங்ஷன், பாளையங்கோட்டை, எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும்.

- 3 வாட் எல்இடி பல்பு ஒன்று, 2700 கே. அது இல்லையென்றால் 3000 கே (கே என்பது கெல்வின், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை)
- அதை மாட்ட ஒரு டேபிள் லேம்ப், அல்லது பிளக்கில் செருகும் ஹோல்டர்
- அரை வாட் சிவப்பு ஜீரோ பல்பு இரண்டு
- போனில் ஏதாவது ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் (லக்ஸ் என்பது ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு)

கடையில் ‘மஞ்சள் பல்பு’ என்று கேட்டால் சில சமயம் மஞ்சள் சாயம் பூசிய அலங்கார பல்பை எடுத்துக் கொடுப்பார்கள். ‘வார்ம் ஒயிட்’ என்று கேட்டு, அட்டைப்பெட்டியில் 2700 கே என்று அச்சடித்திருக்கிறதா பாருங்கள். நம் வீடுகளில் பெரும்பாலும் எரிவது 6500 கே. அட்டையில் ‘கூல் டேலைட்’ என்று இருக்கும். ஹோல்டர் பின் வைத்ததா, திருகா என்பதையும் பார்த்துவிட்டுப் போனால் இரண்டாம் நடை மிச்சம்.

ஸ்விட்சைத் தட்டத் தட்ட நிறம் மாறும் பல்பு வேண்டாம். மஞ்சளுக்கு வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் வெள்ளையைக் கண்ணில் அடிக்கும்.

அளக்கும் முறை

போனை பல்புக்கு நேராகப் பிடிப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, போனைக் கண் மட்டத்தில், திரை முன்னோக்கி இருக்க, நீங்கள் பார்க்கும் திசைக்கே காட்டுங்கள். கண்ணுக்குள் போகிற வெளிச்சம்தான் கணக்கு.

பத்துக்குப் பத்து அறையில் 20 வாட் எல்இடி டியூப் எரிந்தால் கண் மட்டத்தில் சுமார் நூறு லக்ஸ் வரும். 2022-இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்கிறது. ஆனால் அந்த 10, உடம்புக் கடிகாரத்தை அசைக்கும் நீல ஒளிக்கு அதிக எடை கொடுத்துக் கணக்கிட்ட லக்ஸ். ஆப் காட்டுவது சாதா லக்ஸ். 2700 கே பல்பில் நீலம் குறைவு என்பதால் ஆப்பில் 20 வரை காட்டினாலும் சரியே. 6500 கே என்றால் 10-ஐத் தாண்டக் கூடாது. போன் சென்சார் துல்லியமான கருவி அல்ல. 18-ஆ 22-ஆ என்று அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அளவு கூடினால் விளக்கைச் சுவர் பக்கம் திருப்பி, தெறிக்கும் வெளிச்சம் மட்டும் வரும்படி வையுங்கள். தள்ளி வைத்தாலும் மளமளவென்று குறையும்: தூரம் இரண்டு மடங்கானால் நேர் வெளிச்சம் கால் பங்காகும்.

சாயங்காலம் என்ன செய்வது

பத்தரைக்குப் படுப்பவர் கணக்கில் சொல்கிறோம். உங்கள் நேரத்துக்கு ஏற்ப முன்பின் நகர்த்திக்கொள்ளுங்கள்.

*விளக்கு வைக்கும் நேரம்.* நெல்லையில் கார்த்திகை மாதம் ஆறு மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கும். ஆடியில் ஆறே முக்கால் ஆகும். அதுவரை வாசலில், மாடியில், ஆற்றங்கரையில் என்று வெளியே இருப்பது நல்லது. பகல் வெளிச்சம் அதிகம் பட்ட கண்ணை ராத்திரி வெளிச்சம் கொஞ்சம் குறைவாகவே தொந்தரவு செய்யும்.

*ஏழரை.* பட்டாசலில் (வீட்டின் கூடத்தில்) டியூப் லைட்டை அணைத்து டேபிள் லேம்பைப் போடுங்கள். கண் மட்டத்துக்குக் கீழே, ஸ்டூல் மேலோ தரையிலோ இருக்கட்டும். முதல் இரண்டு நாள் வீடு இழவு வீடு மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். மூன்றாம் நாள் பழகிவிடும். அடுக்களையில் கத்தி, அடுப்பு வேலை இருக்கும்வரை நல்ல வெளிச்சம் வேண்டும். அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம், சமையலை எட்டரைக்குள் முடித்தால் போதும்.

பீடி சுற்றும் வீடுகளில் இது அவ்வளவு எளிதல்ல. கணக்கு முடிக்க ராத்திரி பத்து மணியானாலும் மடியில் சுளகு இருக்கும். அங்கே கூரை விளக்கை அணைத்து, மேல் மூடி உள்ள டேபிள் லேம்பைத் தோளுக்குப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சுளகில் மட்டும் விழும்படி சாயுங்கள். கை வேலைக்கு வேண்டிய வெளிச்சம் கைக்குக் கிடைக்கும். கண்ணுக்குப் போவது பாதிக்கும் கீழே குறையும். கண்ணை உறுத்தும் இலை வெட்டும் வேலையைப் பகலுக்கு மாற்ற முடிந்தால் இன்னும் நல்லது.

*எட்டரை.* கவலைக்கென்று பதினைந்து நிமிடம். அதே மங்கல் வெளிச்சத்தில், மனசில் ஓடுவதை ஒவ்வொரு வரியாக எழுதி, பக்கத்தில் ‘நாளைக்கு என்ன செய்யலாம்’ என்று ஒரே ஒரு செயல். ‘பேங்குக்குப் போய்க் கேட்பது’ என்ற அளவில் போதும். செயல் இல்லாத கவலைக்கு ஒரு கோடு. நோட்டை மூடி, படுக்காத அறையில் வையுங்கள்.

*ஒன்பதரை.* போனை ஒதுக்கும் நேரம். நைட் மோடு நிறத்தை மட்டும் மாற்றும். பிரகாசத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கினால்தான் பலன். அப்போதும் ஆபீஸ் குரூப்பில் வரும் ஒரு மெசேஜ் செய்யும் கெடுதலை எந்த மோடும் தடுக்காது. அறையின் மறுபக்கம் இருக்கும் டிவியைவிட முகத்துக்கு ஒரு சாண் தள்ளியிருக்கும் போன் மோசம்.

*பத்து மணி.* இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இரண்டரை மணி நேரம் மங்கலில் இருந்துவிட்டு, பல் தேய்க்க பாத்ரூமுக்குப் போய், வெள்ளை டைல்ஸுக்கு நடுவே 6500 கே பல்பைப் போட்டுக் கண்ணாடி முன் நிற்பது. ஜீரோ பல்பில் ஒன்று பாத்ரூமுக்கு. இன்னொன்று படுக்கையறையிலிருந்து அங்கே போகும் வழியில், கணுக்கால் உயரத்தில். கிராமத்து வீடு, முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டும் என்றால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். தேளையும் பூரானையும் மிதிப்பதைவிட மெலடோனின் குறைவது பரவாயில்லை.

சிவப்பு வெளிச்சம் தூக்க மருந்து அல்ல. உடம்புக் கடிகாரத்தை அது குறைவாகத் தொடுகிறது, அவ்வளவே. ஆன்லைனில் விற்கும் பெரிய சிவப்பு விளக்குப் பலகைகளுக்கு இங்கே வேலை இல்லை.

தூக்கம் வராவிட்டால்

சுமார் இருபது நிமிடம் என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். டேபிள் லேம்ப் பக்கத்தில் முன்கூட்டியே ஒரு பாய் விரித்து வைத்திருக்க வேண்டும். அதில் உட்கார்ந்து ஜெபமோ, பழைய வார இதழோ, பூக்கட்டுவதோ, கை போனபோக்கில் செய்யும் ஏதாவது. கண் சொக்கினால் மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கை என்றாலே விழித்துக்கிடக்கும் இடம் என்று மூளை பழகியிருப்பதை மாற்றுவதற்கே இந்த எழுந்துபோதல்.

மறுநாள் காலை

இதைச் செய்யாவிட்டால் சாயங்காலம் செய்ததில் பாதி வீண். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 முதல் 30 நிமிடம் திறந்த வானத்தின் கீழே இருங்கள். சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. இங்கே சூரியன் உதிப்பது ஆறுக்கும் ஆறு நாற்பதுக்கும் இடையில். ஐந்தரைக்கு வாசல் தெளித்துக் கோலம் போடுவது கருக்கலில்தான் நடக்கிறது, அது கணக்கில் சேராது. மழை மூட்டத்திலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஜன்னலோரம் அதில் சிறு பங்குதான். எழும் நேரம் ஞாயிறானாலும் ஒன்றே. ஊரில் கோயில் கொடை, விடிய விடிய வில்லுப்பாட்டு என்றால் மறுநாள் ஒரு மணி நேரம் மட்டும் கூடத் தூங்கலாம். மதியத் தூக்கம் மூன்று மணிக்கு முன், அரை மணிக்குள். நாலு மணிக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம்.

வெள்ளனே விழிப்பவர்களுக்கு

ராத்திரி ஏழிலிருந்து ஒன்பது வரை வீட்டில் நல்ல வெள்ளை வெளிச்சம் எரியட்டும்; பொழுது சாயும்வரை வெளியே இருங்கள். மூன்று மணிக்கு விழித்ததும் லைட்டைப் போடாதீர்கள், விடியும்வரை மங்கலிலேயே இருங்கள். சாயங்காலத்தில் விளக்குப் பெட்டி பயன்படுவது இவர்களுக்குத்தான். பெட்டியில் 10,000 லக்ஸ் என்று போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கிடைப்பது. அந்தத் தூரம் எவ்வளவு என்று எழுதாத பெட்டியை வாங்க வேண்டாம். விழித்திரை நோய், சர்க்கரையால் கண் பாதிப்பு, பைபோலார் பாதிப்பு (மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) உள்ளவர்களும், டாக்ஸிசைக்ளின் போல வெயில் ஒவ்வாத மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

வழக்கமாக நடக்கும் கோளாறுகள்

மங்கலாக்க ஃபேன் ரெகுலேட்டரில் எல்இடி பல்பை இணைப்பது: பல்பு துடிக்கும், இரையும், சீக்கிரம் எரிந்துபோகும். வாட் குறைந்த பல்பு வாங்குவதே வழி.

கரண்ட் போனால் எரியும் இன்வெர்ட்டர் பல்பு: பெரும்பாலும் 6500 கே. பட்டாசலில் அதுதான் தொங்குகிறதென்றால் பத்து மணிக்கு மேல் கரண்ட் போனாலும் ஸ்விட்சை அணைத்தே வையுங்கள்.

நாலு நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுவது: உடம்புக் கடிகாரம் மெதுவாகத்தான் நகரும். இரண்டு வாரம் கழித்து நோட்டை எடுத்து முதல் வாரத்தோடு ஒப்பிடுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது, மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால், பலத்த குறட்டையோடு மூச்சுத் திணறி விழித்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மனாஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். போகும்போது அந்த நோட்டைக் கையில் எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.