மண் வீட்டுக்கு எந்தக் கூரை? அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவு செய்யுங்கள்

மண் வீடு கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சுவரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எந்த மண், எவ்வளவு வைக்கோல், சுண்ணாம்பு சேர்க்கலாமா என்று. கூரைப் பேச்சு சுவர் எழும்பிய பிறகுதான் வரும். அது தலைகீழ் வரிசை. மண் சுவருக்கு முதல் எதிரி மழை. அதைத் தடுப்பது கூரை. கூரையின் எடை தெரிந்தால்தான் சுவரின் கனம் தெரியும், சாய்வு தெரிந்தால்தான் சுவரின் உயரம் தெரியும்.

கீழே சொல்வது தமிழ்நாட்டுச் சமவெளியில் தரைத்தளம் மட்டும் கட்டுபவர்களுக்கு.

படி 1: மனையைச் சுற்றிப் பாருங்கள்

தென்னை மரம் மனைக்கு மேலே சாய்ந்திருக்கிறதா? தேங்காய் விழுந்தால் ஓடு தாங்காது. குரங்குத் தொல்லை உண்டா? அப்படியானால் ஓட்டை மறந்துவிடுங்கள், அவை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போடும். கடலோரமா? 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் கூரைகளை என்ன செய்தது என்று அந்தப் பக்கத்துக்காரர்களைக் கேளுங்கள். அடுத்து, இருபது மைல் சுற்றளவில் ஓடு மாற்றவோ கீற்று வேயவோ ஆள் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். பழுது பார்க்க ஆள் கிடைக்காத கூரை எவ்வளவு இயற்கையானதாக இருந்தாலும், சில வருடங்களில் அதன் மேல் தகரம் ஏறிவிடும்.

படி 2: எந்தப் பொருள்?

கீற்றுதான் இருப்பதிலேயே குளிர்ச்சி, இருப்பதிலேயே லேசு. தென்னங்கீற்றை ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; பனையோலை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், விழல் புல் அதைவிடவும் தாங்கும். சாய்வு 45 டிகிரி இருக்கட்டும், குறைந்தால் தண்ணீர் நின்று மக்கும். ஆனால் தீ. 2004-ல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தது கீற்றுக் கொட்டகையில்தான். திண்ணைக்கும் தோட்டத்துக் கொட்டகைக்கும் கீற்று போடுங்கள். அடுப்பு எரியும் வீட்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி.

மெட்ராஸ் டெரஸ் அழகு. மர உத்திரங்களின் மேல் சின்னச் செங்கல்லைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வில் சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்து, தட்டோடு பதிப்பார்கள். கைதேர்ந்த கொத்தனார் இல்லாமல் தொடாதீர்கள். எடையும் அதிகம்.

ஃபில்லர் ஸ்லாப் கேரளத்தில் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர் பரவலாக்கிய முறை. கான்கிரீட் தளத்தின் அடிப்பாதியில் சிமென்ட்டுக்குப் பெரிய வேலை இல்லை; அங்கே பழைய ஓட்டை வைத்து நிரப்பினால் கான்கிரீட் மிச்சமாகும், எடையும் குறையும். ஆனாலும் சிமென்ட்டும் கம்பியும் வேண்டும், பொறியாளர் கணக்கும் வேண்டும். குரங்கு ஊர்க்காரர்களுக்கும், மொட்டை மாடி இல்லாமல் முடியாது என்பவர்களுக்கும் இது சரி.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் விலை மலிவுதான். அதன் தூசி நுரையீரலுக்குப் புற்றுநோய் தரும், வேண்டவே வேண்டாம். படத்தில் பார்க்கும், மேலே பச்சைப் புல் வளரும் கூரை குளிர்நாட்டுச் சமாச்சாரம், நம் சித்திரை வெயிலில் அதற்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகாது.

மிஞ்சுவது சீமை ஓடு. 1865-ல் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவியது. புது ஓட்டைச் சுட விறகு எரிய வேண்டும். பழைய ஓட்டுக்கு அந்தச் செலவு எப்போதோ முடிந்துவிட்டது. முதல் வீடு கட்டுபவருக்கு என் சிபாரிசு இதுதான்: இடித்த வீட்டு ஓடு, இடித்த வீட்டு மரம்.

படி 3: எடைக் கணக்கு

4 அங்குல கான்கிரீட் தளம் சதுர அடிக்கு 22 கிலோவுக்கு மேல் வரும். ஓட்டுக் கூரை மரத்தோடு சேர்த்து ஏறக்குறைய 6 கிலோ. மண் சுவர் எதை நிம்மதியாகச் சுமக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

படி 4: சாய்வும் இறவாணமும்

ஓட்டுக்கு 30 டிகிரி சாய்வு வேண்டும். டிகிரி புரியாவிட்டால், பக்கவாட்டில் 10 அடி போனால் 6 அடி ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறவாணம் சுவரைத் தாண்டி 3 அடியாவது நீளட்டும். பலரும் ஒன்றரை அடியில் நிறுத்திவிட்டு, ஐப்பசிச் சாரலில் சுவர் அரிக்கிறது என்று மண்ணைக் குறை சொல்கிறார்கள்.

20 அடி அகலம், 30 அடி நீள வீட்டை எடுத்துக்கொள்வோம். மோட்டிலிருந்து ஒரு பக்கம் 10 அடி, இறவாணம் 3 அடி, ஆக 13. சாய்வில் அளந்தால் 15 அடி சொச்சம். நீளத்தில் இரு முனையிலும் 3 அடி சேர்த்தால் 36. இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 1,080 சதுர அடிக் கூரை. சதுர அடிக்கு ஒன்றரை ஓடு என்றால் 1,620. உடைசலுக்கும் கையிருப்புக்கும் சேர்த்து 1,800 வாங்குங்கள். 600 சதுர அடி வீட்டுக்கு இவ்வளவா என்று மலைக்க வேண்டாம், அந்தக் கூடுதல்தான் சுவரைக் காப்பாற்றப் போகிறது.

படி 5: பழைய ஓடு வாங்கும்போது

ஓட்டின் அடியில் ஆலையின் முத்திரை இருக்கும். ஒரே முத்திரை ஓடாகப் பாருங்கள்; கலந்து வாங்கினால் பள்ளமும் விளிம்பும் ஒன்றோடொன்று பொருந்தாமல் ஒழுகும். விரல் கணுவால் தட்டுங்கள். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல். பாசியைத் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஓடு கைக்கு வந்த பிறகே ரீப்பர் (ஓடு உட்காரும் குறுக்குச் சட்டம்) அடியுங்கள். எத்தனை அங்குலத்துக்கு ஒரு ரீப்பர் என்பதை நாலு ஓட்டைத் தரையில் கோத்துவைத்து அளந்தால் தெரியும், ஆசாரியின் பழக்க அளவை நம்ப வேண்டாம்.

படி 6: மரம்

ரீப்பரைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்துக்குப் பனை அருமை, ஆனால் வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையாக இருக்க வேண்டும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்திருக்கிறது. இதனாலும் பழைய பனஞ்சட்டம்தான் நல்ல வழி. சுவர்த் தலையில் மரத்தை நேராக மண்ணில் உட்கார வைக்காதீர்கள், கரையான் சுவருக்குள்ளேயே ஏறி வரும். இடையில் சுண்ணாம்புச் சாந்தோ கல்லோ ஒரு வரிசை கொடுங்கள்.

படி 7: ஏற்றுவது

தை, மாசியில் சுவர் எழுப்பி நன்றாகக் காயவிடுங்கள். ஈரச் சுவர் இறங்கும். அதன் மேல் கூரை ஏற்றினால் கூரையும் கோணலாகும். ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏறிவிட வேண்டும். சுவர் கட்டும்போதே கூரையைக் கட்டுவதற்கான கம்பியைச் சுவரின் உள்ளே சில வரிசை ஆழத்தில் புதைத்து மேலே நீட்டி விடுங்கள். நீண்ட இறவாணத்தைக் காற்று கீழிருந்து தூக்கும். அதனால் திண்ணைத் தூணில் அதைத் தாங்கவைத்து, இறவாணத்து ஓரத்து இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள். புயல் பாதையில் இருப்பவர்கள் இருபுறச் சாய்வைவிட நாற்புறச் சாய்வு போடுவது நல்லது.

ஓட்டுக்குக் கீழே வெக்கை இறங்குகிறது என்றால், அதற்கென்றே விற்கும் தட்டையான அடியோட்டை முதலில் பரப்பி மேலே சீமை ஓட்டைப் போடலாம். நடுவில் நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். எடை கூடும் என்பதால் இதையும் முன்கூட்டியே முடிவு செய்து ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். வருடா வருடம் புரட்டாசியில் ஒருமுறை சருகைக் கூட்டி, உடைந்த ஓட்டை மாற்றினால் போதும். மிச்ச ஓடுகளை விற்காமல் கொல்லையில் நிறுத்தி அடுக்கி வையுங்கள்.