சிடி, டிவிடியைப் படிக்காத டிரைவ்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

திருமண டிவிடியையோ, பினாங்கின் தண்ணீர்மலைத் தைப்பூசத்தைப் பதிவு செய்து வைத்திருந்த சிடியையோ கணினியில் இட்டதும் டிரைவ் சிறிது நேரம் சுழன்றுவிட்டு, வட்டைச் செருகுமாறு கேட்டு நின்றுவிட்டால், பெரும்பாலோர் டிரைவ் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் பழுது வட்டில் இருக்கலாம், டிரைவில் இருக்கலாம், இரண்டையும் கையாளும் கணினியிலும் இருக்கலாம். இம்மூன்றில் எது என்று பிரித்தறிந்த பிறகே எதையும் கழற்றவோ வாங்கவோ வேண்டும் என்பதே இந்த விளக்கத்தின் அடிப்படை. பினாங்கு, கோலாலம்பூர் வீடுகளில் இன்றும் அலமாரியில் கிடக்கும் வட்டுகளில் பலவற்றுக்கு வேறு பிரதியே கிடையாது என்பதால், அவசரப்பட்டுச் செய்யும் ஒரு தவறு அந்த நினைவுகளையே அழித்துவிடக்கூடும்.

முதல் படி: மூன்று வட்டுகளைக் கொண்டு சோதித்தல்

கடையில் வாங்கிய பாடல் சிடி ஒன்று, கடையில் வாங்கிய திரைப்பட டிவிடி ஒன்று, கணினியில் நீங்களே பதிவு செய்த வட்டு ஒன்று என மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் கீறலின்றி இருப்பது நல்லது. ஒவ்வொன்றாக இட்டு, ஒரு நிமிடமாவது காத்திருந்து, நடப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் நன்றாகத் திறந்து, உங்களுக்குத் தேவையான அந்த ஒரு வட்டு மட்டும் திறக்கவில்லை என்றால் டிரைவ் மீது குற்றமில்லை. டிவிடி ஓடுகிறது, சிடி மட்டும் ஓடவில்லை, அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கிறது என்றால், லேசர்களுள் ஒன்று தளர்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம். சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியும், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு ஒளியும் தேவைப்படுவதால், டிரைவுக்குள் இரண்டு ஒளிமூலங்கள் தனித்தனியே இயங்குகின்றன. ஒன்று ஓய்ந்த பின்னும் மற்றொன்று பல காலம் வேலை செய்யக்கூடும். இந்த ஒரு சோதனை தரும் தெளிவை வேறெந்தச் சோதனையும் தராது என்பது என் கருத்து.

கடையில் வாங்கியவை ஓடி, வீட்டில் பதிவு செய்தவை மட்டும் ஓடவில்லை என்றால் இரண்டு காரணங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். பதிவு செய்யும் வட்டுகளில் தகவல் ஒரு சாய அடுக்கில் எழுதப்படுகிறது. வெயிலும் வெப்பமும் அச்சாயத்தை மங்கச் செய்யும். மற்றொன்று, பதிவை முறையாக முடித்து மூடாமல் விட்டிருந்தால், எழுதிய டிரைவ் மட்டுமே அதைப் படிக்கும். மற்ற டிரைவுகள் அதை வெற்று வட்டாகக் காட்டும். அப்படியானால், பதிவு செய்த அதே கணினியை, அது இன்னும் வீட்டில் இருந்தால், முதலில் நாடுங்கள்.

இரண்டாம் படி: வட்டைப் பார்த்தலும் துடைத்தலும்

வட்டின் பளபளக்கும் அடிப்பக்கத்தில் கீறல் விழக்கூடாது என்பதை எல்லாரும் அறிவர்; பெயர் எழுதிய மேற்பக்கம்தான் சிடியில் அதைவிட ஆபத்தான பக்கம் என்பதைப் பலர் அறிவதில்லை. சிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. தகவல் அடுக்கு அதன் உச்சியில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குச் சற்றே கீழே இருக்கிறது. கூர்மையான பேனாவால் மேற்பக்கத்தில் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய தாளைப் பிய்த்தாலோ தகவலும் சேர்ந்து பெயர்ந்துவிடும். சிடியை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளிகள் ஊடுருவி வந்தால் அவ்விடங்களில் பூச்சு போய்விட்டது என்று பொருள். எந்தத் துடைப்பும் அதைத் திரும்பத் தராது. டிவிடியில் தகவல் அடுக்கு இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த அபாயம் குறைவு.

நம் ஊரின் ஈரப்பதத்தில் பிளாஸ்டிக் உறைகளுக்குள் அடைபட்ட வட்டுகளில் பூஞ்சை படர்வது இயல்பு. விரல் ரேகை, பூஞ்சை, தூசு ஆகியவற்றை நீக்க, சோப்பு ஒரு சொட்டு கலந்த வெதுவெதுப்பான நீரில் அடிப்பக்கத்தை நனைத்து, பஞ்சிழை உதிராத மென்துணியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைக்கக் கூடாது: தகவல் சுருள்வடிவத் தடத்தில் பதிந்திருப்பதால், தடத்தை ஒட்டி நீளமாக விழும் கீறல் தொடர்ச்சியான பகுதியை அழிக்கும், குறுக்கே விழும் கீறலையோ வட்டிலுள்ள பிழைதிருத்தும் முறை பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். பற்பசையால் தேய்க்கும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. குளிரூட்டிய அறையிலிருந்து டிரைவையோ வட்டையோ வெளியே கொண்டுவந்தால் அதன்மேல் நீர் படியும் என்பதால், ஒரு மணி நேரம் காத்திருந்தே இயக்குங்கள்.

மூன்றாம் படி: கணினி டிரைவை அறிகிறதா?

விண்டோஸ் கணினியில் ‘திஸ் பிசி’ பகுதியைத் திறந்து, டிரைவின் சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தொடக்கப் பொத்தானை வலச்சொடுக்கி ‘டிவைஸ் மேனேஜர்’ என்பதைத் தேர்ந்தெடுத்து, டிவிடி டிரைவுகளுக்கான வரியை விரியுங்கள். மஞ்சள் எச்சரிக்கைக் குறி தெரிந்தால், டிரைவின் பெயரை வலச்சொடுக்கி, சாதனத்தை நீக்கும் கட்டளையைக் கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். விண்டோஸ் தன்னிடமுள்ள இயக்கியை (சாதனத்தை இயக்க உதவும் ‘டிரைவர்’ மென்பொருளை) தானே மீண்டும் நிறுவிக்கொள்ளும். எந்த இணையதளத்திலிருந்தும் இயக்கியைப் பதிவிறக்க வேண்டியதில்லை. அதன் பிறகும் பிழை எண் 19 அல்லது 39 தோன்றினால், வட்டு எழுதும் பழைய மென்பொருள் ஏதேனும் விண்டோஸின் அமைப்புகளைச் சேமிக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரி) விட்டுச்சென்ற வரிகள் காரணமாக இருக்கலாம். பதிவேட்டைத் திருத்துவதைத் தெரிந்தவரிடம் ஒப்படையுங்கள்.

மேசைக்கணினியாக இருந்தால், மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, டிரைவின் பின்னுள்ள இரு கம்பிகளையும் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். வெளியிலிருந்து இணைக்கும் யூ.எஸ்.பி. டிரைவ் சுழலத் தொடங்கி உடனே நின்றுவிட்டால் மின்சாரம் போதவில்லை என்று ஐயப்படலாம். யூ.எஸ்.பி. 2.0 துளை 500 மில்லியாம்பியர் வரையே தருவதற்கு உரியது. வட்டு வேகமெடுக்கும் நேரத்தில் சில டிரைவுகள் அதற்கு மேலும் கேட்கும். கணினியின் இரு துளைகளில் செருக இரண்டு யூ.எஸ்.பி. முனைகள் கொண்ட கம்பியைப் பயன்படுத்துங்கள், அல்லது 900 மில்லியாம்பியர் தரும் யூ.எஸ்.பி. 3.0 துளைக்கு மாற்றுங்கள்.

வட்டிலுள்ள கோப்புகள் தெரிந்தும் படம் மட்டும் ஓடவில்லை என்றால் அது டிரைவின் பழுதல்ல. 2012-இல் வெளியான விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸோடு வருவதில்லை, வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளை நிறுவினால் போதும். டிவிடி விற்பனைக்காக உலகைப் பிரித்துள்ள மண்டலங்களில் மலேசியா மண்டலம் 3-இலும் இந்தியா மண்டலம் 5-இலும் இருப்பதால், சென்னையிலிருந்து வாங்கிவந்த சில டிவிடிகளை இயக்கும்போது மண்டலத்தை மாற்றக் கணினி அனுமதி கேட்கலாம். டிரைவில் அந்த மாற்றத்தை ஐந்து முறை மட்டுமே செய்ய முடியும் என்பதை மறவாதீர்கள்.

நான்காம் படி: லென்ஸைத் தூய்மை செய்தல்

முதல் படியின் சோதனை டிரைவைக் காட்டினால் மட்டுமே இதற்கு வாருங்கள். மடிக்கணினியிலும் வெளி டிரைவிலும் வட்டை வைக்கும் தட்டை வெளியே இழுத்தால் லென்ஸ் அதன்மேல் தெரியும். உளுத்தம்பருப்பு அளவே இருக்கும் கண்ணாடி போன்ற துண்டு அது. மேசைக்கணினியின் பெரிய டிரைவில் அது பெட்டிக்குள் இருப்பதால், தொடக்கநிலையில் உள்ளோர் பெட்டியைத் திறக்காமல் விடுவது நலம். தட்டைத் திறந்தபின் மின்சாரத்தை முழுவதும் நிறுத்துங்கள். சிடியின் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். ஐசோபிரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை லென்ஸ் மீது மிக மெதுவாக ஒருமுறை சுழற்றி எடுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருப்பதால் சற்று அழுத்தினாலே டிரைவ் நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும். ஈரம் உலர்ந்த பின் தட்டை மூடுங்கள்.

தட்டே வெளிவரவில்லை என்றால், கணினியை அணைத்துவிட்டு, முன்பக்கத்திலுள்ள சிறு துளையில் நிமிர்த்திய காகிதப் பிடிப்பூசியை நேராகச் செலுத்தித் தள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மூன்று வட்டுகளும் திறக்கவில்லை என்றால் புதிய வெளி டிரைவ் ஒன்றை வாங்குவதே முறை. கோலாலம்பூரில் லோ யாட் பிளாசாவிலும், ஜார்ஜ்டவுனில் கொம்தார் வட்டாரத்துக் கடைகளிலும் தேடலாம். உங்கள் சோதனை வட்டுகளைக் கையோடு கொண்டுசென்று, கடைக்காரரின் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பழுதான வட்டு ஏதேனும் ஒரு டிரைவில் திறந்துவிட்டால், படத்தை ஓட்டிப் பார்க்காமல், அந்தக் கணமே அதிலுள்ள கோப்புகள் அனைத்தையும் வன்தட்டுக்கு நகலெடுங்கள். நடுவில் நின்றால் நகலான பகுதியை வைத்துக்கொண்டு, எஞ்சியதை வேறொரு டிரைவில் முயலுங்கள். ஒரு டிரைவ் கைவிட்ட பகுதியை மற்றொன்று படித்துவிடுவது உண்டு. நகல்கள் நன்றாக ஓடுகின்றனவா என்று பார்த்த பின்பே மூல வட்டை எடுத்து வையுங்கள்.