புளியந்தீவுப் பழைய வீட்டைத் திருத்துதல்: உப்புச் சுவரும் புது அறையும்

மட்டக்களப்பில், புளியந்தீவிலோ கோட்டைமுனையிலோ பழைய வீடு வாங்குகிறவர்கள் கைவைக்கும் முதல் வேலை, உதிர்ந்து நிற்கும் சுவருக்குச் சீமெந்து பூசுவதுதான். ஓரிரண்டு மாரி தாங்கும். பிறகு பூச்சு வயிறு தள்ளிப் பலகை பலகையாகக் கழன்று விழும். பழி மேசன் தலையில் விழும். பிழை அவருடைய கையில் இல்லை, சாமானில் இருக்கிறது.

சுற்றிவர வாவி. நிலத்தடி நீரை அத்திவாரம் உறிஞ்ச, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் அதை மேலே இழுக்கின்றன; நீரோடு உப்பும் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் அதனூடாகவே காய்ந்து போகும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறும், பூச்சுக்குப் பின்னால் உப்புப் பளிங்காகித் திரண்டு அதை வெளியே தள்ளும். ஈரம் தடுக்கும் பெயின்ற் பூசினாலும் இதே கதைதான்.

முதலில் சுவர் எந்த வகை என்று பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் கல்லிடை மூட்டைக் கத்தி முனையால் சுரண்டுங்கள். வெள்ளையாகவோ மங்கலான மஞ்சளாகவோ மாவாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. கத்தி வழுக்கிக் கிறீச்சிட்டால் பின்னாளில் யாரோ அடைத்த சீமெந்து. பிறகு சுவர் முழுவதும் விரல் முட்டியால் தட்டிக்கொண்டு போங்கள்; பொத்தென்று ஒலிக்கும் இடமெல்லாம் கழன்று நிற்கிறது. அதைச் சோக்கால் வட்டமிட்டு வையுங்கள்.

மாசி பிறந்து மழை ஓய்ந்ததும் சீமெந்துப் பூச்சை உரியுங்கள். ஈரம் ஏறிய கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை உரிக்க வேண்டும். மூட்டுகளை முக்கால் அங்குலம் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துக் காயவிடுங்கள். வெள்ளையாகப் பூக்கும் உப்பை நாரினாலான தூரிகையால் உலர்வாகவே தட்டிக் கூட்டி, அள்ளி வளவுக்கு வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்த உப்பு திரும்பக் கல்லுக்குள்தான் போகும். பூக்கும், கூட்டுங்கள், மறுபடி பூக்கும், மறுபடி கூட்டுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள் இந்த வேலைக்கென்றே வந்தவை. வீட்டுக்காரருக்குப் பொறுமை போவதும் இங்கேதான்.

சுவர் காயும் இடைவெளியில் சுண்ணாம்பைத் தயார் செய்யலாம். நீறாத சுண்ணாம்பு என்றால், பீப்பாயில் முதலில் தண்ணீர், பிறகு சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு. மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும், கண் போய்விடும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நீறியதை அரித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க இரண்டு கிழமையாவது மூடி வையுங்கள். இரண்டு மாதம் கிடந்தால் இன்னும் வழவழப்பாகும். பையில் வரும் நீறிய தூள் என்றால் முதல் நாளே ஊறப்போட்டால் போதும். முருகைக்கல் சுண்ணாம்பு தேடி அலையாதீர்கள். கடற்கரை வலயத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி தடை.

சாந்து: ஒரு பங்கு சுண்ணாம்புக் களி, மூன்று பங்கு ஆற்று மணல். சுவரை இலேசாக நனைத்து முதற்பூச்சு அரை அங்குலம். அதைக் கீறிவிட்டு ஏழு முதல் பத்து நாள் விட்டு, இரண்டாம் பூச்சு கால் அங்குலம். கச்சானில் ஒரே பகலில் காய்ந்தால் மேற்பரப்பு பொடியாகும். ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு மெல்லக் காயவிட வேண்டும். "கொஞ்சம் சீமெந்து போட்டா கெதியா இறுகும்" என்று வேலையாட்கள் சொல்வார்கள். விடாதீர்கள், அந்தக் கொஞ்சம் போதும் வேலையைக் கெடுக்க. மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் வேண்டாம். பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை நான்கைந்து தரம் மெல்லியதாக அடியுங்கள்.

இனிப் புது அறை. எல்லை அளப்பும் காணி உறுதியும் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பழைய வளவுகளில் வேலி ஒரு பக்கம், உறுதி இன்னொரு பக்கம் நிற்பது சர்வசாதாரணம். மாநகர சபையில் வரைபட அனுமதி கிடைத்த பிறகே அத்திவாரக் கிடங்கு வெட்டலாம். வாவிக் கரையை ஒட்டிய வளவென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய சுவருக்குப் பக்கத்தில் கிடங்கை ஒரே வீச்சில் வெட்டக் கூடாது. நான்கடி வெட்டி, கொங்கிறீட் போட்டு, இடைவிட்டு அடுத்த நான்கடி. பழைய அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகவேண்டி வந்தால் நிறுத்திவிட்டுப் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். நீர் ஊறினால் பழைய சுவரிலிருந்து தள்ளியிருக்கும் மூலையில் குழி வெட்டி அங்கிருந்து இறையுங்கள். சுவரோரம் பம்பைப் போட்டால் தண்ணீரோடு மணலும் வரும், சுவர் வெடிக்கும். புதுச் சுவரைப் பழையதோடு பல்லாகக் கட்டாமல் ஓர் அங்குல இடைவெளி விடுங்கள், இரண்டும் ஒரே அளவில் இறங்கா. மாடி வேண்டுமென்றால் தனித் தூண்களில்தான்.

தூணுக்கு 1:1½:3 கலவை. 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு பெட்டி அடித்தால் 50 கிலோச் சீமெந்துப் பை ஒன்று அதற்குள் அடங்கும். ஒரு பைக்கு ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி முக்கால் அங்குலச் சல்லி, தண்ணீர் 25 லீற்றர். மணல் ஈரமென்றால் தண்ணீரைக் குறையுங்கள். ஈர மணல் பொங்கி நிற்பதால் பெட்டியில் மணல் குறைவாகவே விழும் என்பதும் நினைவிருக்கட்டும். உவர்க் கிணற்றுத் தண்ணீர் கொங்கிறீட்டுக்கு ஆகாது, கம்பி துருப்பிடிக்கும். குழாய்த் தண்ணீரையே பிடியுங்கள். கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும். அதற்கு ஓட்டுத் துண்டைச் செருகாமல், சீமெந்துச் சாந்தில் வார்த்த இரண்டு அங்குலக் கட்டைகளைக் கட்டுங்கள். ஏழு நாள் விடாமல் நனையுங்கள். புதுச் சுவரில் நிலமட்டத்துக்கு மேலே, முக்கால் அங்குலத் தடிப்பில் 1:2 சீமெந்துச் சாந்து போட்டு இரண்டு பூச்சுத் தார் அடித்தால் பழைய சுவரின் நோய் புதியதைத் தொடாது.

கூரையில், முகட்டிலிருந்து தொடங்கி இரு பக்கத்து ஓடுகளையும் சமமாக இறக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் இறக்கினால் கைமரங்கள் சாயும். பனங்கைமரத்தின் சுவர் முனையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள், உக்கல் அங்கேதான் ஒளிந்திருக்கும். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை பறந்த ஊர் இது. கைமரத்தை, சுவர்மேல் கிடக்கும் சுவர்வளையோடும், சுவர்வளையைச் சுவரோடும் இரும்புப் பட்டியால் பிணையுங்கள். ஓரத்து மூன்று வரிசைத் தட்டோட்டையும் கம்பியால் கட்டுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஓடு ஏறியாக வேண்டும்.

சிறிய வளவில் இடிக்கும் விஷயம் மலக்குழி. உங்கள் கிணற்றுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் 50 அடி தள்ளியிருக்கப் பாருங்கள். மாரிக்குள் அதை முழுதாக இறைக்க வேண்டாம். நிலத்தடி நீர் உயர்ந்திருக்கையில் வெறும் தொட்டி மிதந்து கிளம்பும், குழாய்களும் முறியும்.